கயிறு தெரியும் படம்

மே மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மழை விடியற்காலையில் ஓய்ந்தது. மேகங்கள் விலகிவிட, வானம் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த தட்டைப் போலப் பளபளத்தது.

அத்தகைய அழகிய காலை வேளையில், தன் வீட்டு மொட்டைமாடியில் நின்றபடி ஒரு சிறுமி தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு! நம்ம தியேட்டர்ல! காந்தக் காவலன்! வராதவங்க அப்புறம் அழுவீங்க!"

பத்து வயதான அச்சிறுமியைத் தெருவார் அனைவரும் 'மைக்' என்றே அழைத்தனர். அவள் தெருவின் இக்கோடியில் பேசினால், அக்கோடியில் உறங்கும் பூனை விழித்துக்கொள்ளும்.

காந்தக் காவலன் என்பது அவளுடைய மாமா எடுத்த திரைப்படம். மாமா, அவளுடைய அம்மாவின் தம்பி. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட், ஏழாம் நாள் கேமரா. இப்படியே இரண்டு ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. கதை எழுதியவர் மாமா. இயக்கியவர் மாமா. நீல உடை அணிந்து காந்தக் காவலனாக நடித்தவரும் மாமாவே. அந்த உடையைத் தைத்தவர் மைக்கின் அம்மா. பூதமாக நடித்தவர் தெருமுனை வீட்டுக் குழாய்க்காரர்.

மைக் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால், கதையைப் பலமுறை கேட்டிருந்தாள். மாமா கதை சொல்லும் அழகே தனி.

"விமானம் ரெண்டா உடையுது. டமார்! காவலன் கையை நீட்டுறான். சர்ர்ர்னு ரெண்டு துண்டும் வந்து ஒட்டிக்குது!" என்று அவர் சொல்லும்போது, சாப்பாட்டு மேசைக்கு மேலே உண்மையாகவே விமானம் பறப்பதுபோல் இருக்கும்.

அந்தக் கதையை மைக் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். வழியில் அது சற்று வளர்ந்தது. ஒரு விமானம் ஐந்தாயிற்று. ஒரு கட்டடம் ஒரு நகரமாயிற்று. கடைசியில் நிலாவும் இரண்டாகப் பிளந்தது.

அவள் இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. தியேட்டர் மேலாளர் இரண்டே காட்சிகளுக்குத்தான் இடம் கொடுத்திருந்தார். மக்களுக்குப் பிடித்தால் வாரம் முழுவதும் ஓடும். பிடிக்காவிட்டால் அன்றோடு முடிந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. மாமா அம்மாவிடம் சொன்னதை அவள் காதால் கேட்டுவிட்டாள்.

"இந்தப் படம் போச்சுன்னா கேமராவை வித்துடுவேன்க்கா. போதும். இனிமே ஞாயித்துக்கிழமை ஆனா காலை நீட்டித் தூங்கப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

*

பதினோரு மணிக்காட்சிக்குத் தியேட்டர் நிரம்பி வழிந்தது. மைக்கின் வகுப்பு முழுவதும் வந்திருந்தது. முன்வரிசையில் 'தராசு' அமர்ந்திருந்தான். அவன் அவளுடைய வகுப்புத் தோழன். எதைக் கண்டாலும் மதிப்பெண் போடாமல் விடமாட்டான். அன்றைய மழைக்கு எழுபது கொடுத்திருந்தான். தலைமையாசிரியரின் உரைக்கு ஒருமுறை முப்பத்தைந்து கொடுத்தான், அதுவும் இரக்கப்பட்டு.

"அஞ்சு விமானம் இருக்குல்ல?" என்று அவன் திரும்பிக் கேட்டான்.

"இருக்கு, இருக்கு. வாயை மூடிக்கிட்டுப் பாரு!"

விளக்குகள் அணைந்தன. படம் தொடங்கியது.

திரையில் விமானம் வந்தது. ஐந்து அல்ல, ஒன்று. அதன் இறக்கையில் 'பால் பவுடர்' என்ற எழுத்துகள் பாதி அழிந்த நிலையில் தெரிந்தன. அடுத்து நகரம் வந்தது. செருப்புப் பெட்டிகளால் ஆன நகரம். பூதம் அதை மிதித்தபோது, ஒரு கட்டடத்தின் மூடி திறந்துகொண்டது. பூதத்தின் உடல் முழுவதும் சலவை இயந்திரக் குழாய்கள்.

பிறகு காந்தக் காவலன் பறந்தான். நீல உடை காற்றில் படபடத்தது. முதுகிலிருந்து மேலே, கட்டை விரல் தடிமனில் ஒரு கயிறு போயிற்று. அந்தக் கயிற்றைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

"நகரம் எங்கே இடியுது?" என்று யாரோ கத்தினார்.

"நிலா எப்போ பிளக்கும்?"

"ஏய் மைக்கு! மத்த நாலு விமானமும் லேட்டா?"

மைக் இருக்கையில் சரிந்து சரிந்து, கடைசியில் தலை மட்டும் தெரியும்படி அமர்ந்தாள். இடைவேளை வந்தது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் பாப்கார்ன் தீர்ந்ததும் போனார்கள்.

"நூத்துக்கு எவ்வளவு தெரியுமா?" என்றான் தராசு. "பூஜ்யம். நான் இதுவரைக்கும் பூஜ்யம் போட்டதே இல்ல. நீ நிலா பிளக்கும்னு சொன்ன. நான் என் நாளையே இதுக்காக வெச்சிருந்தேன்."

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் மைக்குக்கு அதிகம் வலித்தது.

கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் இருக்கை காலியாக இருந்தது. அவளும் எழுந்து வெளியே ஓடினாள்.

*

நுழைவுக்கூடத்தில் மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மாமாவை எங்கும் காணாமல், மைக் அங்கேயே ஒரு தூணோரம் நின்றிருந்தாள். படம் முடிந்து கதவு திறந்தபோது, உள்ளேயிருந்து ஒரே ஒருவர் வெளியே வந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். அவர் ஒரு லாரி ஓட்டுநர், ஊருக்குப் புதியவர்.

"சார், என்ன படம் சார் இது!" என்றார் அவர். "சரக்கு இறக்க நாலு மணி நேரம் ஆகும்னாங்க. ஏசியில ஒரு தூக்கம் போடலாம்னு வந்தேன். தூங்க விட்டாத்தானே! கயிறு கட்டிப் பறக்குறாரு, செருப்பு டப்பா ஊரைக் காப்பாத்துறாரு. அப்புறம் அந்த லிஃப்ட் சீன் வந்துச்சே..." அவர் திடீரென்று சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வரணும் போல இருக்கு."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க?"

"பின்ன?"

மைக் அப்படியே நின்றுவிட்டாள். அதே அரங்கு, அதே திரை, அதே கயிறு. தராசு அழாத குறையாகப் போனான். இவரோ சிரித்துக்கொண்டு வருகிறார். இருவரும் பார்த்தது ஒரே படம்தான். ஆனால், இவர் எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர், தூங்குவதற்கு வந்தவர். தராசு வந்ததோ நிலா பிளப்பதைப் பார்ப்பதற்கு.

நிலாவைப் பிளந்தது யார்?

"ஐயோ!" என்று மைக் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "நான்தான்!"

உடனே மேலாளரின் முன்னால் போய் நின்றாள். "சார், சாயங்காலக் காட்சி உண்டுல்ல?"

"யாருக்கும்மா ஓட்டுறது? நாற்காலிக்கா? காலையில பார்த்தவங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க."

"ஆள் வந்தா ஓட்டுவீங்கல்ல?"

"பாதி அரங்கு நிரம்பட்டும், ஓட்டுறேன். இல்லைன்னா அஞ்சு மணிக்குப் போஸ்டரைக் கிழிக்கச் சொல்லிடுவேன்."

*

மாமா தியேட்டருக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அமர்ந்திருந்தார். கேமராப் பை மடியில் இருந்தது. அதன் பட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

மைக் அவர் அருகில் அமர்ந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்க படம் மோசமான படம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வரட்டுமா?"

மாமா அவளையே பார்த்தார். "அதை ஊரே சொல்லிட்டு இருக்கு. நீ வேற எதுக்குச் சிரமப்படுற?"

"அவங்க கோவமாச் சொல்றாங்க மாமா. நான் ஆசையாச் சொல்லப் போறேன். கயிறு தெரியுது."

"தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

"ரொம்பவா?"

"பக்கத்து ஊர்ல இருந்து பார்த்தாலும் தெரியும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அந்தக் கயிறு இல்லைன்னா உங்க மாமா இன்னைக்கு இல்லம்மா. மூணாவது மாடியில இருந்து தொங்கினேன். மேல இழுத்துப் பிடிச்சது யாரு தெரியுமா? உங்க அம்மா."

"பார்த்தீங்களா! இதை யாருக்காவது சொன்னீங்களா? இது தெரிஞ்சிருந்தா எல்லாரும் கயிறைப் பார்த்துக் கை தட்டியிருப்பாங்க. நான் பாட்டுக்கு விமானம், நிலான்னு அள்ளி விட்டேன். அவங்க வராத நிலாவையே தேடிக்கிட்டு இருந்தாங்க. வந்த கயிறு பிடிக்கல."

மாமா பையின் பட்டையை மீண்டும் ஒருமுறை மடித்தார். தன் இரண்டு ஆண்டு உழைப்பை நகைச்சுவை என்று அழைப்பதற்கு அனுமதி தருவது யாருக்கும் எளிதன்று. சைக்கிள் கைப்பிடியிலிருந்து ஒரு மழைத்துளி சொட்டியது.

"சிரிச்சா பரவாயில்ல," என்றார் கடைசியில். "ஆனா என்னையும் குழாய்க்காரரையும் கேவலமாப் பேசுற மாதிரி இருக்கக் கூடாது. இன்னொண்ணு, இந்தத் தடவை ஒரு பொய் கூடச் சொல்லக் கூடாது."

"ஒண்ணு கூட மாட்டேன்."

"சின்னதா கூட?"

மைக் சற்று யோசித்தாள். "கஷ்டம்தான். முயற்சி பண்றேன்."

*

அன்று பிற்பகல் அத்தெரு கேட்ட அறிவிப்பைப்போல் வேறெந்தத் தெருவும் கேட்டிருக்காது. மைக் சைக்கிளில் ஏறி நின்று முழங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! காந்தக் காவலன் உலகத்துலயே பெரிய படம்னு சொன்னேன். அது பொய்! நிலா பிளக்காது! விமானம் ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் பால் பவுடர் டப்பா! எங்க மாமா பறக்குறப்போ கயிறு தெரியும்! மேல இருந்து இழுத்தது எங்க அம்மா! பூதத்துக்கு உள்ள இருக்கிறது நம்ம குழாய்க்காரர்! காலையில கோவிச்சுக்கிட்டுப் போனவங்க, அதே டிக்கெட்டோட அஞ்சு மணிக்கு வாங்க! மேனேஜர் சார்கிட்ட நான் பேசிக்கிறேன்!"

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான், மேலாளரிடம் இன்னும் பேசவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினாள். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "சரி, தொலையட்டும்," என்றார்.

சன்னல்கள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன.

"உங்க அம்மாவா இழுத்தாங்க?" என்று எதிர்வீட்டு அத்தை வியந்தார். "தையல் மெஷின் மிதிக்கிறவங்க கைக்கு அவ்வளவு பலமா?"

"வந்து பாருங்க அத்தை! ஒரு இடத்துல அம்மாவோட வளையல் கூடத் தெரியுது!"

தராசு தன் வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மோசமான படத்தை மோசம்னு சொல்லிக் கூப்பிடுற ஒரே ஆளு நீதான்," என்றான்.

"வர்றியா?"

"ஏற்கெனவே மார்க்கு போட்டாச்சு. ரெண்டாவது தடவை பார்த்தா மட்டும் படம் மாறிடுமா?"

"படம் மாறாது. நீ வேணும்னா மாறலாம். அப்பவும் பூஜ்யம்னா, லீவு முடிஞ்சு திறந்ததும் பள்ளிக்கூடம் முழுக்க உன் பின்னாடியே நடந்து வந்து, 'தராசு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு கத்துறேன்."

இந்த விருந்தை எப்படி விட முடியும்? தராசு அக்கணமே செருப்பை மாட்டினான்.

*

ஐந்து மணிக்கு மேலாளர் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார். பாதி நிரம்பியது. பிறகு முக்கால். எண்ணுவதை நிறுத்திவிட்டு, மைக்கைத் திரையின் முன்னால் போய்ப் பேசச் சொன்னார்.

மைக் போய் நின்றாள். மொட்டைமாடியில் கத்துவது வேறு, நூற்றுக்கணக்கான கண்கள் முன்னால் நிற்பது வேறு.

"இது ஞாயித்துக்கிழமைகள்ல எடுத்த படம்," என்றாள். "இதுல நடிச்ச எல்லாருக்கும் வேற வேலை இருக்கு. தப்பு நிறைய இருக்கு. பார்த்தீங்கன்னா சத்தமாச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

விளக்குகள் அணைந்தன.

பால் பவுடர் விமானம் வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. "டப்பா வந்துடுச்சு டோய்!" செருப்புப் பெட்டி நகரத்தில் ஒருவர் தன் கடையின் பெட்டியை அடையாளம் கண்டு எழுந்து நின்று கும்பிட்டார். பூதம் தோன்றியபோது, ஐந்தாம் வரிசையிலிருந்த குழாய்க்காரரைப் பின்னாலிருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். அவர் வெட்கத்தில் நெளிந்து, பிறகு துணிந்து, பூதத்தைப் போலவே ஓர் உறுமல் உறுமினார். குழந்தைகள் மகிழ்ச்சியில் அலறினார்கள்.

காவலன் பறந்தான்.

"கயிறு! கயிறு! கயிறு!" என்று அரங்கம் முழுவதும் தாளம் போட்டது.

"வளையல்!" என்று எதிர்வீட்டு அத்தை கூவினார். "அதோ, மேல, வளையல்!" அனைவரும் திரும்பி அம்மாவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அம்மா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ஆனால், விரல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தராசுவைக் கடைக்கண்ணால் பார்த்தாள் மைக். அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். இடைவேளையில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அதன் பிறகுதான் லிஃப்ட் காட்சி வந்தது. காலையில் அந்த ஊர்க்காரர்கள் யாருமே அதைப் பார்க்கவில்லை. மைக்கும் பார்க்கவில்லை.

திரையில், காவலனைத் துரத்திவந்த பூதம் ஒரு லிஃப்டுக்குள் நுழைந்தது. கதவு மூடியது. லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே இருட்டு. ஊரை மிதித்த பூதம், "யாராவது இருக்கீங்களா?" என்று சின்னக் குரலில் கேட்டது.

காவலனின் காந்த சக்தி தீர்ந்துபோயிருந்தது. அவன் ஓடிப் போயிருக்கலாம். ஓடவில்லை. மூடிய கதவின் அருகே தரையில் அமர்ந்தான்.

"பயப்படாதீங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன். திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பேசிக்கிட்டே இருங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு பஸ்ஸு," என்றது பூதம்.

அரங்கம் சிரித்தது.

"பசி அடங்குச்சா?"

"இல்ல," என்றது பூதம். "தனியாத்தான் சாப்பிட்டேன்."

சிரிப்பு நின்றது. யாரும் கயிற்றைத் தேடவில்லை. காவலன் இடுப்பிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து, பேசிக்கொண்டே, ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். கைகள் அவசரப்படவில்லை. லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்களிடம் மாமா நாள்தோறும் பேசும் பேச்சு அது. அவர் அங்கே நடிக்கவே இல்லை.

கதவு திறந்தபோது, பூதம் வெளியே வந்து காவலனின் அருகில் அமர்ந்துகொண்டது. காவலன் திருப்புளியை இடுப்பில் செருகினான். படம் முடிந்தது.

விளக்குகள் எரிந்தன. பிறகு எழுந்த கைதட்டலில் மைக்கின் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

*

நுழைவுக்கூடத்தில் மேலாளர் புதிய போஸ்டர் ஒன்றைத் தாமே ஒட்டிக்கொண்டிருந்தார். 'வாரம் முழுவதும்' என்று அதில் எழுதியிருந்தது. மாமாவைச் சுற்றிப் பெரும் கூட்டம். லாரி ஓட்டுநர் மட்டும் அதில் இல்லை. அவர் சரக்கு இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒரு நன்றி சொல்ல முடியவில்லையே என்று மைக்குக்கு இருந்தது.

"எவ்வளவுடா?" என்று தராசுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தராசு விழித்தான். "எது எவ்வளவு?"

"மார்க்கு!"

அவன் தலையைச் சொறிந்தான். "போட மறந்துட்டேன்," என்றான் வியப்போடு. "பூதம் தனியாச் சாப்பிட்டேன்னு சொன்னதுல இருந்து மறந்துட்டேன்."

அவ்வேளையில் மாமாவின் கைப்பேசி அலறியது. அவர் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"எத்தனை பேரு உள்ள? ரெண்டு பேரா? குழந்தையா? கதவுகிட்டப் போய் அவங்களோட பேசிக்கிட்டே இருங்க. நான் வந்துட்டேன்."

கூட்டம் தானாகவே வழிவிட்டது. மாமா தோளிலிருந்த கேமராப் பையைக் கழற்றி மைக்கின் கழுத்தில் மாட்டினார்.

"பத்திரமா வெச்சுக்கோ. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு வேணும்."

அவர் படியிறங்கி ஓடி, கருவிப் பெட்டி கட்டியிருந்த தன் சைக்கிளில் ஏறினார். சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறையும்வரை, தியேட்டர் வாசலில் நின்ற அத்தனை பேரும் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அப்பொழுது மணி மாலை ஏழு இருபத்திரண்டு.